ஓட்டு வீட்டில் புகைபோக்கியோரம் ஈரமா? கூரையில் கை வைப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்கும் திருவட்டாறுக்கும் இடையில் இருக்கிறது எங்கள் வீடு. பழைய ஓட்டு வீடு. அடுக்களையில் புகைபோக்கியை ஒட்டிய மச்சுப்பலகை (ஓட்டுக்கு அடியில் போட்ட மரத்தளம்) இரண்டு வருடமாக நனைந்துகொண்டே இருந்தது. மூன்று முறை ஆள் வைத்துச் சரிசெய்தேன். முதலில் வந்தவர் ஓடு மாற்றினார். அடுத்தவர் மூட்டில் சிமெண்ட் பூசினார். மூன்றாமவர் அதன்மேல் தார் தடவினார். மொத்தம் 41,000 ரூபாய் செலவானது, ஈரம் போகவில்லை. அதன் பிறகு யாரையும் அழைக்காமல், எந்த நாளில் எந்த இடம் நனைகிறது என்று நான்கு மாதம் ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். தண்ணீர் இரண்டு வழியில் வருகிறது என்பதும், அதில் ஒன்று மழையே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கடைசியில் முழுதாகச் சரிசெய்ய ஆன செலவு, வீணாகப் போன பணத்தைவிடக் குறைவு.

பழைய ஓட்டு வீட்டை வாங்கியவர்கள், வெளிநாட்டிலிருந்து திரும்பி அப்பா அம்மா வாழ்ந்த வீட்டில் குடியேறியவர்கள், இந்தக் கூரையைப் பற்றி ஒன்றும் தெரியாமல் முதல் மழைக்காலத்தைச் சந்திக்கப்போகிறவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். காரணம் தெரியும்வரை ஒரு ஓட்டைக்கூடப் பிரிக்க விடாதீர்கள்.

1. எப்போது நனைகிறது என்று எழுதுங்கள்

எங்கே சொட்டுகிறது என்பதைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். எப்போது சொட்டுகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. தேதி, மழை பெய்ததா, எந்தத் திசைக் காற்று, அன்று விறகடுப்பு எரிந்ததா, கேஸ் அடுப்பில் அதிகம் சமைத்தீர்களா, ஈரம் எந்த நேரத்தில் கண்ணில் பட்டது ஆகியவற்றை ஒரு வரியில் எழுதிவையுங்கள்.

மழை தொடங்கி அரை மணி, ஒரு மணி நேரத்தில் சொட்டினால், ஓட்டிலோ, ஓடும் புகைபோக்கிச் சுவரும் சேரும் மூட்டிலோ திறப்பு இருக்கிறது. ஒரு நாள் மழைக்கு ஒன்றும் ஆகாமல், அடைமழையின் இரண்டாம் மூன்றாம் நாளில் சுவர் முழுவதும் ஓதம் பரவினால், கூரைக்கு மேலே நிற்கும் செங்கல்லும் அதன் தலைப்பூச்சும் தண்ணீரைக் குடிக்கின்றன. மழையே இல்லாமல் விடியற்காலையில் மச்சுப்பலகையில் முத்து முத்தாக நீர் நின்றால், அது சமையல் ஆவி. மழையும் இல்லை, சமையலும் இல்லை, ஆனாலும் காற்றில் ஈரம் கூடிய நாட்களில் புகைபோக்கிச் சுவரில் பழுப்புக் கறை பிசுபிசுக்கிறது என்றால், அது கரியில் இருக்கும் உப்பின் வேலை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நம் மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. நமக்கு இரண்டு பருவமழை. ஆனி, ஆடியில் மழைச்சாரல் மேற்கிலிருந்து அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கு, வடகிழக்கிலிருந்து அடிக்கும். ஆடியில் மட்டும் நனைந்து ஐப்பசியில் காய்ந்திருக்கும் சுவர் என்றால், புகைபோக்கியின் மேற்கு முகத்தை முதலில் பாருங்கள். எங்கள் வீட்டில் இரண்டு பருவத்திலும் நனைந்தது. ஆகவே ஒரு பக்கத்துக் குறை இல்லை, பின்புற மூட்டுதான் என்று ஊகிக்க முடிந்தது.

2. மச்சில் ஏறிப் பாருங்கள்

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஏறுங்கள். மச்சில் பழைய ஒயர்களை எலி கடித்திருக்கும். ஈரப் பலகையும் கடிபட்ட ஒயரும் சேர்ந்தால் உயிருக்கு ஆபத்து. பலகையின் நடுவில் கால் வைக்காமல், அடியில் உத்திரம் ஓடும் இடமாகப் பார்த்து மிதியுங்கள்.

நல்ல வெயில் நேரத்தில் ஏறி, டார்ச்சை அணைத்துவிட்டுச் சற்று நேரம் இருங்கள். ஓடுகள் சேரும் இடத்தில் மெல்லிய வெளிச்சக் கோடு தெரிவது இயல்பு. விரல் நுழையும் அளவுக்கு முக்கோணமாகவோ வட்டமாகவோ வெளிச்சம் விழுந்தால், அங்கே ஓடு நகர்ந்திருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் மரநாய் நடந்து நகர்த்துவதுதான். தேங்காயும் மட்டையும் விழுந்தும் உடையும்.

பிறகு டார்ச்சைப் போட்டு, சொட்டும் இடத்திலிருந்து கழுக்கோலின் (ஓட்டைத் தாங்கும் சரிவு மரம்) வழியே மேல்நோக்கிப் பாருங்கள். தண்ணீர் கழுக்கோலின் அடிப்பக்கத்தில் பல அடி ஊர்ந்து வந்து, ஒரு முடிச்சிலோ பட்டியல் (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்) அடித்த ஆணியிலோ தட்டித்தான் சொட்டும். எங்கள் வீட்டில் சொட்டிய இடத்துக்கும் நுழைந்த இடத்துக்கும் ஐந்தடி தூரம் இருந்தது. முதலில் வந்தவர் சொட்டிய இடத்துக்கு நேர் மேலே இருந்த நல்ல ஓடுகளை மாற்றிவிட்டுப் போனார். கறையின் ஓரத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டுத் தேதி எழுதுங்கள். அடுத்த மழைக்குப் பின் கறை வட்டத்தைத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்தால், ஈரம் பழையதா, இன்னும் நடக்கிறதா என்பது தெரியும்.

கையோடு ஒரு ஸ்குரூ டிரைவர் கொண்டுபோங்கள். கறுத்த இடங்களில் குத்திப் பாருங்கள். நல்ல அயனி மரம் எதிர்த்து நிற்கும். அரை அங்குலம் எளிதாக இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. ஈரமான மரத்தைச் சிதலும், அதாவது கறையானும், தேடி வரும். மண் கோடு தெரிகிறதா என்று சுவரோரம் பாருங்கள்.

இன்னும் ஒன்று: மச்சுக்குள் ஏதாவது குழாய் முடிகிறதா? கேஸ் அடுப்புக்கு மேல் மாட்டும் மின்சாரச் சிம்னியின் குழாயை வெளியே கொண்டுபோகாமல் மச்சுக்குள் விட்டுவிடும் வழக்கம் இருக்கிறது. எங்கள் வீட்டில் அதைத்தான் செய்திருந்தார்கள். தினமும் சோறு வடித்த ஆவியும் மீன் பொரித்த எண்ணெய்ப்புகையும் ஓட்டின் அடியில் போய் நின்று, இரவில் ஓடு குளிர்ந்ததும் நீராகிச் சொட்டியிருக்கின்றன. பொருத்துபவர்களுக்குச் சுவரைத் துளைக்கும் வேலை மிச்சம். வீட்டுக்காரருக்குக் கூரை மரமே போகும்.

3. அலுமினியத் தாள் சோதனை

பத்து ரூபாய்கூட ஆகாத சோதனை. சாப்பாடு பொதியும் அலுமினியத் தாளை ஒரு அடிக்கு ஒரு அடி வெட்டி, மழை இல்லாத நாளில் நனைந்த சுவரின் மேற்பரப்பைத் துடைத்துக் காயவிட்டு, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்து எடுங்கள். அறையைப் பார்த்த பக்கத்தில் நீர்த்துளி இருந்தால், ஈரம் வீட்டுக் காற்றிலிருந்து வருகிறது. சுவரைப் பார்த்த பக்கத்தில் இருந்தால், சுவருக்குள்ளிருந்து வருகிறது. இரண்டு பக்கமும் நனைந்திருந்தால் உங்களுக்கும் என்னைப் போல இரண்டு வேலை.

4. குழாய்த் தண்ணீர் சோதனை

மழைக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒருவர் மச்சில் டார்ச்சோடு இருக்க வேண்டும், ஒருவர் வெளியே ஏணியில் நின்று ஓஸ் பிடிக்க வேண்டும். முதலில் புகைபோக்கிக்குக் கீழே உள்ள ஓடுகளில் மட்டும் தண்ணீர் விடுங்கள். பதினைந்து நிமிடம். ஒன்றும் இல்லையென்றால் பக்கவாட்டு மூட்டு, பதினைந்து நிமிடம். பிறகு கூரை முகட்டைப் பார்த்த பின்பக்க மூட்டு. அதன் பிறகு செங்கல் முகம். கடைசியில் புகைபோக்கியின் உச்சி. கீழிருந்து மேலே போவதுதான் முக்கியம். எடுத்ததுமே உச்சியில் ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து எதுவும் புரியாது. பீய்ச்சி அடிக்கவும் வேண்டாம். ஓட்டின் இடுக்கில் கீழிருந்து மேலாக அடித்தால் நல்ல கூரையும் ஒழுகும்.

எங்கள் வீட்டில் பின்பக்க மூட்டில் விட்ட ஏழாவது நிமிடத்தில் மச்சிலிருந்து குரல் வந்தது. இரண்டு வருடக் கேள்விக்கு ஒரு மாலை நேரத்தில் பதில் கிடைத்தது.

5. காரணத்துக்கு ஏற்ற வேலை

மூட்டுதான் காரணம் என்றால்: சிமெண்ட், தார், பசை எதுவும் நிற்காது. கூரை மரம் வெயிலில் ஒரு விதமாக நகரும், செங்கல் இன்னொரு விதமாக நகரும். நடுவில் பூசியது ஒரு வருடத்துக்குள் வெடிக்கும். வெடிப்பில் புகுந்த தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே இறங்கும். தேவை இரண்டு தகடு. ஒன்று ஓட்டின் பக்கம் கிடந்து சுவரில் ஆறு அங்குலமாவது மேலேறி நிற்க வேண்டும். இன்னொன்று செங்கல் மூட்டில் ஓர் அங்குல ஆழம் காடி வெட்டிப் பதிந்து, முதல் தகட்டின்மேல் தொங்க வேண்டும். இரண்டையும் சேர்த்து ஆணி அடிக்கக் கூடாது. ஒன்றின்மேல் ஒன்று நகர இடம் இருந்தால்தான் மூட்டு பிழைக்கும். குளச்சல், முட்டம் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்கள் இரும்புத் தகட்டைத் தவிர்த்துவிடுங்கள். முலாம் பூசிய தகடும் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். அலுமினியம் நல்லது, ஆனால் ஈரச் சிமெண்ட் அதை அரிக்கும். சுவருக்குள் புதையும் ஓரத்துக்கு மட்டும் பிட்டுமின் பெயிண்ட் அடித்துப் பதியச் சொல்லுங்கள்.

புகைபோக்கி இரண்டரை அடிக்கு மேல் அகலம் என்றால், பின்பக்கத்தில் சிறு முகடு ஒன்று கட்டி, வரும் தண்ணீரை இரண்டாகப் பிரித்துவிட வேண்டும். இல்லையென்றால் சருகு அங்கே தேங்கி அணை கட்டும். ரப்பர்த் தோட்டத்தோரம் வீடு இருப்பவர்களுக்கு, மார்கழி தையில் இலை உதிர்ந்த பிறகு அந்த மூலையைப் பார்த்தாலே புரியும்.

உச்சி காரணம் என்றால்: மேல்பூச்சைக் கொத்திவிட்டு, சரிவோடு புதிய கான்கிரீட் மூடி போடுங்கள். அது சுவரைவிட எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் வெளியே நீண்டு, அடியில் நீர் அறுபடும் ஒரு காடியோடு இருக்க வேண்டும். காடி இல்லாவிட்டால் தண்ணீர் மூடியின் அடியிலேயே ஊர்ந்து செங்கல்லுக்குத் திரும்பிவிடும். ஏழு நாள் நனைத்துக் கொடுங்கள். குழலின் வாய்க்குமேல் பக்கம் திறந்த மூடியும் வலையும் வையுங்கள். விறகடுப்பை விட்டுவிட்டவர்கள் குழலை முழுதாக அடைத்துவிடுகிறார்கள், அது தவறு. மேலேயும் கீழேயும் சிறு காற்றுவழி இல்லாவிட்டால் உள்ளே ஈரம் தங்கிச் சுவர் வழியே வெளிவரும்.

செங்கல் மூட்டுகள் உதிர்ந்திருந்தால்: உதிரும் காரையை முக்கால் அங்குலம் சுரண்டிவிட்டு, சிமெண்ட் ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு என்ற கலவையில் நிரப்புங்கள். வெறும் சிமெண்ட் கலவை பழைய செங்கல்லைவிடக் கெட்டியாகி, செங்கல்லின் முகத்தையே பெயர்த்துவிடும். ஈரம் காயாத செங்கல்லின்மேல் வாட்டர்புரூஃப் பெயிண்டை அடித்து மூடிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேற வேண்டும்.

ஆவி காரணம் என்றால்: சிம்னிக் குழாயைச் சுவர் வழியாகவோ கூரை வழியாகவோ வெளியே கொண்டுபோங்கள். இன்னும் விறகு எரிக்கும் புகைபோக்கிக்குள் அதைச் சொருகவே கூடாது. எண்ணெய்ப் படிவில் தீப்பிடிக்கும், புகையும் வீட்டுக்குள் திரும்பும். அடுத்து, கூரையின் முகப்பில் காற்று வர விட்டிருக்கும் அழிகளைப் பாருங்கள். வௌவாலும் எலியும் வருகின்றன என்று அதைப் பிளைவுட்டால் அடைத்த வீடுகள் எங்கள் தெருவிலேயே பல. அந்த மரச்சட்ட அழிகள் மச்சின் மூக்கு. பலகையை எடுத்துவிட்டு அரை அங்குல இரும்பு வலை அடித்தால் எலி வராது, காற்று வரும். ஓட்டின் அடியில் பிளாஸ்டிக் விரிப்பு கட்டுவதும் இதே தவறுதான். மேலே ஒழுகுவதைத் தடுப்பதுபோலத் தோன்றும். அடியில் ஆவி நின்று கழுக்கோல் உளுக்கும்.

கரி உப்பு காரணம் என்றால்: பல ஆண்டுகள் விறகும் சிரட்டையும் கொதும்பும் எரித்த புகையில் இருந்த உப்புகள் செங்கல்லிலும் பூச்சிலும் ஊறியிருக்கும். அவை காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். எத்தனை முறை வெள்ளையடித்தாலும் பழுப்புக் கறை திரும்ப வரும். கறைக்கு வெளியே ஒரு அடிவரை பூச்சைக் கொத்திவிட்டு, செங்கல்லைச் சில வாரம் உலரவிட்டு, சுண்ணாம்புப் பூச்சு பூசுவதுதான் வழி. கொத்திய பழைய பூச்சை மீண்டும் கலவையில் சேர்க்க விடாதீர்கள்.

ஓடே நீர் குடிக்கிறது என்று சந்தேகமா? காய்ந்த ஓடு ஒன்றை எடைபோட்டு, ஒரு நாள் தண்ணீரில் முழுக்கி, துடைத்துவிட்டு மீண்டும் எடைபோடுங்கள். 2 கிலோ ஓட்டில் 400 கிராமுக்கு மேல் கூடினால் அதைக் கழித்துவிடலாம். 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 140 மங்களூர் ஓடு வேண்டும். உடையும் கணக்குக்குப் பத்துப் பதினைந்து கூடுதலாக வாங்குங்கள். பழைய ஓட்டின் அளவும் அச்சும் பொருந்துகிறதா என்று ஓர் ஓட்டைக் கடைக்கே எடுத்துப்போய் ஒப்பிடுங்கள். பொருந்தாத ஓடு புதிய ஒழுகல்.

6. காகிதங்கள்

வேலைக்காரரிடம் வாய்ப்பேச்சோடு நிற்காதீர்கள். என்ன தகடு, எத்தனை அடி, எத்தனை ஓடு, உளுத்த மரத்துக்குப் பதில் என்ன மரம், இடிபாடு யார் அள்ளுவது, முன்பணம் எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பாதிப் பணத்தையாவது, வேலை முடிந்து உங்கள் கண்முன் மீண்டும் ஓஸ் சோதனை செய்த பிறகு கொடுப்பதாக எழுதுங்கள். இந்த ஒரு வரியை எழுதியிருந்தால் என் முதல் மூன்று செலவும் நடந்திருக்காது.

ஓட்டைப் பிரித்து அதே உயரத்தில் மேய்வது பழுதுபார்ப்பு. ஓட்டை எடுத்துவிட்டுக் கான்கிரீட் தளம் போட நினைத்தால் ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி அல்லது மாநகராட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். உடன்பிறந்தவர்களோடு கூட்டாக இருக்கும் வீடு என்றால் அவர்கள் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள். பாகம் பிரிக்கும் நாளில் செலவுக் கணக்குக்கு அதுதான் ஆதாரம்.

காப்பீடு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுக் காப்பீட்டில் புயல், வெள்ளச் சேதம் அடங்கும். மெல்ல மெல்லக் கசிந்து மரம் உளுத்ததற்குப் பணம் வராது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வீசியதுபோல ஒரே நாளில் சேதம் வந்தால், சரிசெய்வதற்கு முன் தேதியோடு படம் எடுத்து, உடனே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். பாலிசி நகல், வீட்டு வரி ரசீது, மதிப்பீடு, பில்கள் ஆகியவற்றை ஒரே உறையில் வையுங்கள். அரசு நிவாரணம் கேட்க நேர்ந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் முதலில் போக வேண்டும். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தக நகல்களையும் அதே உறையில் சேர்த்துவையுங்கள்.

7. எனக்கு ஆன செலவு

அலுமினியத் தகடும் வளைப்புக் கூலியும் 4,800. கொத்தனார் மூன்று நாள், நாளுக்கு 1,100 வீதம் 3,300. கையாள் மூன்று நாள் 2,550. ஆசாரி இரண்டு நாள் 2,400. அயனிக் கழுக்கோல் இரண்டு 5,200. ஓடு 60-க்கு 2,700. சுண்ணாம்பு, சிமெண்ட், மணல் 1,900. சிம்னிக் குழாயை வெளியே எடுக்க 2,600. மொத்தம் 25,450 ரூபாய். உங்கள் ஊரில் கூலி கூடக் குறைய இருக்கும். ஆனால் மூட்டு வேலைக்கு மட்டும் யாராவது இதைப்போல் இரண்டு மடங்கு கேட்டால் இன்னொருவரிடமும் விசாரியுங்கள்.

8. எந்த மாதத்தில்

மாசியும் பங்குனியும்தான் கூரையைப் பிரிக்கும் மாதங்கள். சித்திரையில் பிற்பகல் இடிமழை தொடங்கிவிடும்; குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் இன்னும் சீக்கிரம். ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை. தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கத்தில் மழை குறைவு, ஆனால் ஆனி ஆடிக் காற்றில் பிரித்த கூரையில் ஆள் நிற்க முடியாது. நல்ல கொத்தனாரையும் ஆசாரியையும் தை மாதமே சொல்லிவைக்க வேண்டும். அவசரத்துக்கு மழைக்காலத்தில் செய்ய வேண்டியிருந்தால் தார்ப்பாயை முகட்டுக்கு மேலே தாண்டிப் போட்டுக் கட்டுங்கள். புகைபோக்கியைச் சுற்றி மட்டும் போர்த்தினால் மேலிருந்து வரும் தண்ணீர் அதன் அடியில் நுழைந்துவிடும்.

9. வேலை முடிந்த பிறகு

உடனே பெயிண்ட் அடிக்காதீர்கள். நனைந்த மரமும் சுவரும் காய ஒன்றிரண்டு மாதம் பிடிக்கும். மரத்தின் ஈரத்தை அளக்கும் சிறு கருவி கிடைக்கிறது. வாங்க முடிந்தால் 20 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காத்திருங்கள். அதற்குமேல் இருக்கும் மரத்தில் பூஞ்சை பிடிக்கும். எஞ்சிய பழைய கழுக்கோல்களுக்கு போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த கரைசலை இரண்டு முறை தடவினோம்.

முதல் பெருமழையன்று மச்சில் ஏறி, சாக்பீஸ் வட்டங்களைப் பாருங்கள். எங்கள் வீட்டில் கடைசி வட்டம் பங்குனி 28 என்று எழுதியது. அதன் பிறகு ஒரு ஆடியும் ஒரு கார்த்திகையும் கடந்துவிட்டன. கறை அந்தக் கோட்டுக்குள்ளேயே இருக்கிறது. இப்போது வருடத்தில் இரண்டு நாள்தான் ஏணியை எடுக்கிறேன்: ரப்பர் இலை உதிர்ந்து முடிந்ததும் பின்பக்க மூலையின் சருகை அள்ள ஒரு நாள், வைகாசிக் கடைசியில் வலையும் ஓடும் தகடும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு நாள்.